இனிப்புக்குப் பதிலாக ஒரு சிகரெட்

சிகரெட்டை விட்டு நூற்றுப் பத்தாவது நாள் காலையில் என் ஃபார்மல் பேண்ட்டின் பட்டன் போடவரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். போட்டால் உட்கார முடியவில்லை. எடை பார்த்தேன். 71 கிலோவாக இருந்தவன் 77.5 ஆகியிருந்தேன்.

பதினோரு வருடப் பழக்கம். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் மூன்றாம் செமஸ்டரில் ஆரம்பித்தது. வேலைக்கு வந்த பிறகு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, ரிலீஸ் இருக்கும் வாரங்களில் இருபது. மகள் பிறந்த மாதம் விட்டேன். விட்ட பிறகு கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டியிருந்தது. ஆபீஸ் எதிரே இருக்கும் டீக்கடையில் சிகரெட் வாங்கிய அதே கையால் கடலை மிட்டாய் வாங்க ஆரம்பித்தேன். கடைக்கார அண்ணனே ஒருநாள், "என்ன சார், டப்பாவையே எடுத்துட்டுப் போங்களேன்" என்றார்.

ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அத்தை கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்பதான்டா மூஞ்சில களை வந்திருக்கு" என்றார். ஊரில் உடம்பு போடுவது நல்ல செய்தி. ஆபீஸில் அப்படியில்லை. மூன்று பேர் தொப்பையைப் பற்றிக் கேட்டார்கள். பேண்ட் ஏறாத அன்று மாலை டீக்கடையில் நின்றபோது என் மனதில் ஓடிய கணக்கு இதுதான்: மறுபடி ஆரம்பித்தால் இரண்டே மாதத்தில் பழைய சைஸுக்கு வந்துவிடலாம்.

பக்கத்தில் என் டீமில் இருக்கும் தோழி நின்றிருந்தாள். அவள் புகைக்கிறாள் என்பது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு முறை விட்டு இரண்டு முறையும் திரும்பியவள். ஏன் திரும்பினாய் என்று ஒருமுறை கேட்டிருந்தேன். "விட்டா குண்டாயிடறேன்டா. நீ ஆறு கிலோ ஏறினா தொப்பைன்னு சிரிப்பாங்க. நான் ஏறினா எங்கம்மா ஜாதகத்தைத் தூக்கிட்டு அழுவாங்க" என்றாள்.

அன்று நான் சிகரெட் வாங்கவில்லை. ஆனால் அவள் சொன்ன முதல் வாக்கியம் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. 'விட்டா குண்டாயிடுவேன்.' இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தந்ததில்லை. எந்தச் சிகரெட் பாக்கெட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் புகைப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

*

புகையிலைக்கும் பசிக்குமான உறவு சிகரெட்டைவிடப் பழையது. ஸ்பெயினின் செவில் நகரத்தில் நிக்கோலஸ் மொனார்டஸ் என்ற மருத்துவர் இருந்தார். அமெரிக்கக் கண்டத்துக்கு ஒருமுறைகூடப் போகாமல், கப்பலில் வந்திறங்கும் மூலிகைகளையும் மாலுமிகளின் கதைகளையும் வைத்து அவற்றைப் பற்றி எழுதியவர். 1571இல் வெளிவந்த பகுதியில் புகையிலையைப் பற்றி விரிவாக எழுதுகிறார். அந்த மண்ணின் மக்கள் ஆளில்லாத வழியில் நீண்ட பயணம் போகும்போது, கிளிஞ்சல்களைச் சுட்டுப் பொடித்த சுண்ணாம்பைப் புகையிலையோடு சேர்த்து மென்று உருண்டைகளாக்கிக் காயவைத்துக்கொள்வார்கள். வழியில் ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொண்டால் மூன்று நான்கு நாட்கள் சோறு தண்ணீர் இல்லாமல் நடக்க முடியும் என்கிறார்.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு, புகையிலை, கன்னத்தில் அதக்கிக்கொள்வது. என் தாத்தாவின் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்த அதே சாமான்கள், வெற்றிலை மட்டும்தான் கூடுதல். காலையில் கஞ்சி குடித்துவிட்டு வயலுக்குப் போனால் பொழுது சாயும் வரை அவருக்கு அதுதான். "இதை அதக்கிக்கிட்டா பசி தெரியாதுடா" என்பார். தாத்தாவுக்கு மொனார்டஸைத் தெரியாது. உடம்பு சொன்னதை அவர் திரும்பச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆக, புகையிலை பசியை அடக்கும் என்பது விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்த பொய் அல்ல. ஆனால் அந்த அறிவு சோறில்லாதவர்களுடையது. இல்லாத சோற்றை மறக்க அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். எதிரே தட்டில் சோறு இருப்பவரிடம், அதைத் தள்ளிவைக்க இது உதவும் என்று விற்க ஒருவர் தேவைப்பட்டார். அதற்கு முந்நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

*

அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் தலைவர். லக்கி ஸ்ட்ரைக் என்ற சிகரெட் அவருடைய கம்பெனியின் சரக்கு. 1920களின் இறுதியில் அவருக்கு ஒரு கவலை இருந்தது. முதல் உலகப்போர் ஆண்களைச் சிகரெட்டுக்குப் பழக்கிவிட்டிருந்தது. பெண்கள் மட்டும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அமெரிக்கச் சந்தையில் பாதி காலியாகக் கிடந்தது.

அதே பத்தாண்டில் அமெரிக்கப் பெண்ணின் உடம்பு பற்றிய எண்ணமும் மாறிக்கொண்டிருந்தது. லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் 1918இல் உணவுக் கட்டுப்பாடு பற்றி எழுதிய புத்தகம் இருபதுகளில் லட்சக்கணக்கில் விற்றது. 'கலோரி' என்ற சொல் ஆய்வுக்கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்தது. கூந்தலைக் கத்தரித்து, இடுப்பில்லாத நேரான கவுன் போட்ட ஒல்லியான பெண் அந்தக் காலத்தின் சின்னமானாள். பூசிய உடம்பு செல்வத்தின் அடையாளமாக இருந்தது போய், கட்டுப்பாடு இல்லாததன் அடையாளமானது.

ஹில் பிற்பாடு ஒரு கதை சொல்வார். காரில் போகும்போது தெருமுனையில் ஒரு பருத்த பெண் எதையோ மென்றுகொண்டு நிற்பதைப் பார்த்தாராம். அப்போது பக்கத்தில் வந்து நின்ற டாக்ஸிக்குள் ஓர் ஒல்லியான பெண் நீண்ட குழலில் சிகரெட் வைத்துப் புகைத்துக்கொண்டிருந்தாளாம். பளிச்சென்று வாசகம் பிறந்ததாம். விளம்பரக்காரர்களின் பிறப்புக் கதைகளைப் பாதி நம்பினால் போதும். வாசகம் மட்டும் உண்மை. 1928இல் அது அமெரிக்கா முழுவதும் பரவியது. தமிழில் சொன்னால்: இனிப்புக்குப் பதிலாக ஒரு லக்கியை எடு.

ஓர் இன்ஜினியராக அந்த வாசகத்தைப் பார்க்கும்போது ஒரு பக்கம் வியப்பாகத்தான் இருக்கிறது. சிகரெட் நல்லது என்று அது சொல்லவில்லை. ஒல்லியாவாய் என்று வாக்குறுதிகூடத் தரவில்லை. தினமும் நாலைந்து முறை தானாக எழும் ஓர் ஆசையை எடுத்து அதை ஞாபக மணியாக மாற்றிவிடுகிறது. மிட்டாய் ஞாபகம் வரும்போதெல்லாம் சிகரெட் ஞாபகம் வரும். மிட்டாய்க் கம்பெனிக்காரன் செலவழித்துக் கிளப்பும் ஆசைகூட லக்கியின் கணக்கில் சேரும்.

மிட்டாய்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கண்டனம், எதிர் விளம்பரம், வழக்கு மிரட்டல் என்று இறங்கினார்கள். 1929 ஜூனில் யூட்டா மாநில செனட்டர் ரீட் ஸ்மூட், புகையிலை விளம்பரங்களைக் கண்டித்து செனட்டில் பேசினார். அவர் மார்மன் சமயத்தவர், புகையிலை அவருக்கு ஆகாது. கூடவே யூட்டா, சர்க்கரைக் கிழங்கு விளையும் மாநிலமும்கூட. அக்கறை எது, வியாபாரம் எது என்று இந்தக் கதையில் யாரிடமும் பிரித்துப் பார்க்க முடியாது.

எதிர்ப்பு கூடியதும் வாசகத்திலிருந்து 'இனிப்பு' மறைந்தது. அளவுக்கு மீறித் தின்னத் தோன்றும்போது லக்கியை எடு என்று மாறியது. பிறகு வந்த படங்கள் இன்னும் கொடியவை. ஓர் அழகான இளம்பெண்ணின் பக்கவாட்டு முகம். அதன் பின்னால் சுவரில் விழும் நிழலுக்கு மட்டும் இரட்டைத் தாடை. வரப்போகும் நிழலைத் தவிர் என்று வாசகம். இன்றைக்கு நீ ஒல்லிதான், ஆனால் நாளைக்கு? அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, சிகரெட் எடையைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லும் விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினார்கள். அதற்குள், 1930இல், கேமலைத் தாண்டி லக்கி ஸ்ட்ரைக் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

*

இந்தக் கதையில் இன்னொருவர் எட்வர்ட் பெர்னேஸ். சிக்மண்ட் ஃப்ராய்டின் தங்கை மகன், மக்கள் தொடர்பு என்ற தொழிலை உருவாக்கியவர்களில் ஒருவர். ஹில் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். ஒல்லியே அழகு என்ற எண்ணத்தைப் பரப்புவது அவர் வேலைகளில் ஒன்று. விளம்பரம் மாதிரியே தெரியாமல் பரப்ப வேண்டும். நிக்கோலஸ் முரே என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரரைப் பிடித்து, மெலிந்த உடலே அழகு என்ற கருத்தைச் சக புகைப்படக்காரர்களிடமிருந்து கேட்டு வாங்க வைத்தார். அவை பத்திரிகைகளுக்குப் போயின. ஓட்டல்களின் மெனுவில் கடைசியில் வரும் இனிப்புகளோடு சிகரெட்டையும் சேர்க்கச் சொல்லித் தூண்டினார்.

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் பொதுவெளியில் சிகரெட் பற்றவைத்து நடந்தார்கள். பெண் தெருவில் புகைப்பது வெட்கக்கேடு என்றிருந்த காலம். ஏ. ஏ. பிரில் என்ற உளப்பகுப்பாய்வாளர் பெர்னேஸுக்குத் தந்த சொல்லே அந்த நிகழ்ச்சிக்குப் பெயரானது: விடுதலையின் தீப்பந்தங்கள். ஏற்பாட்டின் பின்னால் ஒரு சிகரெட் கம்பெனி இருப்பது அன்றைய செய்திகளில் வரவில்லை. அந்த நாளின் தாக்கத்தைப் பெர்னேஸ் பிறகு மிகைப்படுத்திச் சொன்னார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அமெரிக்கப் பெண்கள் அதற்கு முன்பே புகைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரே வருடத்தில், ஒரே கம்பெனி, ஒரே பொருளை இரண்டு முகங்களோடு அதே பெண்ணிடம் விற்றிருக்கிறது. தெருவில் அது விடுதலை. கண்ணாடி முன்னால் அது பயம். யாருக்கும் அடங்காதே, ஆனால் உன் இடுப்பளவுக்கு அடங்கு.

பெர்னேஸின் மனைவி டோரிஸ் ஃப்ளைஷ்மன் புகைப்பவர். அது பெர்னேஸுக்குப் பிடிக்காது. வீட்டில் அவளுடைய சிகரெட்டுகளை எடுத்து ஒடித்துக் கழிப்பறையில் போடுவார் என்று மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முதுமையில் பெர்னேஸ் புகை எதிர்ப்பாளர்களோடு சேர்ந்துகொண்டார். 103 வயது வாழ்ந்து 1995இல் இறந்தார்.

*

1964 ஜனவரியில் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரியின் அறிக்கை, சிகரெட் நுரையீரல் புற்றுநோயைத் தருகிறது என்று அரசின் வாயால் சொன்னது. இங்கிருந்து நம் வாக்கியத்தின் பொருள் மாறுகிறது. அதுவரை 'புகைத்தால் ஒல்லியாவாய்' என்பது உள்ளே அழைக்கும் வாசல். விட நினைப்பவர்கள் பெருகியதும் அதுவே வெளியே போகவிடாத பூட்டானது: விட்டால் குண்டாவாய்.

1968 ஜூலையில் பிலிப் மோரிஸ் கம்பெனி வர்ஜீனியா ஸ்லிம்ஸை இறக்கியது. பெண்களுக்கென்றே செய்த சிகரெட், வழக்கமானதைவிட மெல்லியது. எடையைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்ல வேண்டியது பெயரிலேயே இருந்தது. பெண்ணே, நீ எவ்வளவு தூரம் வந்துவிட்டாய் என்று பாராட்டும் வாசகம். பெண்கள் டென்னிஸுக்கு யாரும் காசு போடாத நாளில், பில்லி ஜீன் கிங் போன்ற வீராங்கனைகள் தனியாகச் சுற்றுப்போட்டி தொடங்கியபோது பணம் போட்டதும் வர்ஜீனியா ஸ்லிம்ஸ்தான். அந்தப் பணத்தால் பெண்கள் டென்னிஸ் வளர்ந்தது என்பதையும் மறுக்க முடியாது. மறுபடி அதே இரட்டை முகம்.

புகைத்தலும் அதன் புற்றுநோயும் இருபது முப்பது வருட இடைவெளியில் நடப்பவை. 1987இல் அமெரிக்கப் பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயைத் தாண்டி நுரையீரல் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது. விளம்பரப் பெண்ணின் வாசகத்தைக் கடன் வாங்கிச் சொன்னால், அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்துவிட்டது. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2 சதவீதம்தான். என் தோழி அந்த இரண்டு சதவீதத்தில் ஒருத்தி. அந்த விளம்பரம் எதையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் அவை உருவாக்கிய வாக்கியம் விளம்பரமே தேவைப்படாமல் அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

*

சரி, வாக்கியம் உண்மையா? கம்பெனிக்காரன் சொன்னான் என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது.

பெரும்பாலும் உண்மை. 1986இல் சுவிட்சர்லாந்தில் எட்டுப் புகைப்பவர்களை ஒரு நாள் முழுக்க மூடிய அறையில் வைத்து, அவர்கள் எரிக்கும் சக்தியை அளந்தார்கள். 24 சிகரெட் புகைத்த நாளில், புகைக்காத நாளைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகம் செலவாகியிருந்தது. ஏறக்குறைய 200 கலோரி, எங்கள் கடை வடை ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு, மூளையின் ஹைப்போதலாமஸில் 'போதும்' என்று சொல்லும் நரம்பணுக்களை நிக்கோட்டின் தூண்டுவதைக் காட்டியது. நிக்கோட்டின் நின்றதும் செலவு குறைகிறது, பசி கூடுகிறது, நாக்குக்கு ருசி திரும்புகிறது. விட்டவரின் எடை, அவர் புகைக்கவே செய்யாமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ ஏறக்குறைய அங்கே போகிறது. இத்தனை வருடம் என் எடை என்று நான் நினைத்தது, ஒரு ரசாயனம் கீழே அழுத்திப் பிடித்திருந்த எண்.

எவ்வளவு ஏறும்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையின்படி, மருந்து உதவியில்லாமல் விட்டவர்களுக்குச் சராசரியாக மூன்று மாதத்தில் 2.85 கிலோ, ஒரு வருடத்தில் 4.67 கிலோ. ஏற்றத்தின் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. நான் சராசரியைவிட இரண்டு மடங்கு, கடலை மிட்டாயின் உபயம். ஆனால் அதே கட்டுரை சொல்வதை டீக்கடையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. விட்டவர்களில் 16 சதவீதம் பேருக்கு எடை குறைந்திருக்கிறது. 13 சதவீதம் பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. 'விட்டா குண்டாயிடுவேன்' என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இவ்வளவு பரந்த வீச்சு ஒளிந்திருக்கிறது.

அந்தக் கிலோக்கள் ஆபத்தா? 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பெரிய ஆய்வு நேர்மையான பதிலைத் தருகிறது. விட்ட பிறகு எடை ஏறியவர்களுக்குச் சில வருடங்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஐந்திலிருந்து ஏழு வருடத்தில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைகிறது. ஆனால் தொடர்ந்து புகைப்பவர்களோடு ஒப்பிட்டால், எடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் விட்டவர்களின் இறப்பு விகிதம் குறைவு. அப்பா வழியில் சர்க்கரை இருக்கும் என்னைப் போன்றவன் முதல் பாதியையும் மறக்கக்கூடாது. கடலை மிட்டாய் டப்பாவை அன்றோடு நிறுத்தினேன்.

*

தேடலின் கடைசியில் கிடைத்ததுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கென்னத் பெர்க்கின்ஸும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு. எடைக்குப் பயந்து விடமுடியாமல் இருந்த 219 பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்றுக்கும் விடுவதற்கான வழக்கமான ஆலோசனை உண்டு. ஒரு குழுவுக்கு அதோடு உணவுக் கட்டுப்பாடும் சொல்லித்தந்தார்கள். இன்னொரு குழுவிடம் டயட் வேண்டாம், கொஞ்சம் ஏறும், பரவாயில்லை என்று சொல்லி, எடையைப் பற்றிய பயத்தைப் பேசித் தணிக்கப் பார்த்தார்கள்.

ஒரு வருடம் கழித்து, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். டயட் குழுவில் 13. பயத்தைப் பேசித் தணித்த குழுவில் 21. அப்படி விட்டு நின்றவர்களின் எடை ஏற்றம்? வழக்கமான குழுவில் 7.7 கிலோ, டயட் குழுவில் 5.4, பயத்தை விட்டவர்களுக்கு 2.5. ஏறினால் ஏறட்டும் என்று இருந்தவர்களுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவாக ஏறியிருக்கிறது.

சிறிய ஆய்வுதான், ஒன்றை வைத்துக் கோயில் கட்டக்கூடாது. 21 சதவீதம் என்பதும் பெரிய வெற்றியில்லை, ஐந்தில் நான்கு பேர் திரும்பிவிட்டார்கள். இருந்தாலும் இந்த எண்களை ஹில்லின் சுவர் நிழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எடை ஏறுவது உடம்பின் வேலை. அதற்காக ஒருத்தி புகைக்குத் திரும்புவது அந்த நிழலின் வேலை. இரண்டும் ஒன்று என்று நம்பவைத்ததுதான் 1928இல் நடந்த வியாபாரம்.

தோழியிடம் இதையெல்லாம் ஒருநாள் மதியம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "ஆராய்ச்சி நல்லாதான் இருக்கு. எங்கம்மாக்கு யாருடா பேசித் தணிக்கிறது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த மூன்று எண்களையும் வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அவள் இன்னும் விடவில்லை. பாக்கெட்டாக வாங்குவதை நிறுத்தி ஒன்றிரண்டாக வாங்குகிறாள், அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

அந்த வார இறுதியில் துணிக்கடைக்குப் போனேன். 32க்குப் பதிலாக 34 எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. கடைப் பையன் எதுவும் சொல்லாமல் 36ஐ நீட்டினான். இரண்டு பேண்ட் வாங்கிக்கொண்டு வந்தேன். உட்கார முடிகிறது.